மாப், பஞ்ச் கார்டு, யூனிஃபார்ம்... பார்த்த வேலையையே கலையாக்கியவர்கள்!

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்து நாற்காலிப் பெரியவர் மெதுவாக ஆரம்பிப்பார்.

"தம்பி, என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"ஆர்ட்டிஸ்ட்டா இருக்கேன் மாமா."

"அது சரி... சம்பளத்துக்கு என்ன பண்றீங்க?"

கேட்கச் சிரிப்பு வந்தாலும் மாமாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உலகம் முழுக்கப் பெரும்பாலான கலைஞர்கள் படைப்பை மட்டும் நம்பி வாடகை கட்டுவதில்லை. ஹோட்டலில் பாத்திரம் கழுவியிருக்கிறார்கள், மியூசியத்தில் செக்யூரிட்டியாக நின்றிருக்கிறார்கள், பத்திரிகை ஆபீஸில் லே-அவுட் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெரிய ஆளான பிறகு எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்பில் அந்த வேலைகளெல்லாம் 'ஆரம்பத்தில் சிறு சிறு வேலைகள் பார்த்தார்' என்ற ஒரே வரியில் முடிந்துவிடும்.

அந்த ஒற்றை வரியைப் பிரித்துப் பார்த்தது ஒரு கண்காட்சி. அமெரிக்காவின் டெக்சஸ் மாகாணத்தில், ஆஸ்டின் நகரில் உள்ள பிளான்டன் மியூசியம் 2023-ல் 'டே ஜாப்ஸ்' என்ற பெயரில் அதை நடத்தியது. வெரோனிகா ராபர்ட்ஸ் என்ற க்யூரேட்டர் தொகுத்த அந்தக் கண்காட்சி, 'வயிற்றுப்பாட்டுக்காகப் பார்த்த வேலை, கலைஞரின் படைப்புக்குள் எப்படி நுழைந்தது?' என்று கேட்டது.

எல்லா வகைக் கலைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆனால் ஒரு வகைக் கலைக்கு மட்டும் ரொம்பவே பொருந்தும். அதுதான் 'கான்செப்சுவல் ஆர்ட்'. தமிழில் கருத்துருக் கலை என்பார்கள்.

அது என்ன கருத்துருக் கலை?

ரொம்பக் குழம்ப வேண்டாம். வார இதழ்களில் வரும் சமையல் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதியவர் உங்கள் வீட்டுக்கு வந்து சமைப்பதில்லை. நீங்கள் சமைத்தாலும், உங்கள் எதிர்வீட்டுக்காரர் சமைத்தாலும் அது அவருடைய ரெசிப்பிதான். கருத்துருக் கலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். கையால் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டது என்பதைவிட, அதன் பின்னால் இருக்கும் யோசனைக்கே முதல் மரியாதை. யோசனை தாளில் இருக்கலாம், போட்டோவாக இருக்கலாம், ஒரு மனிதர் செய்யும் செயலாகக்கூட இருக்கலாம். 1960-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த அலை எழுந்தது.

இப்படிப்பட்ட கலைக்கு மார்பிளோ எண்ணெய் வண்ணமோ கட்டாயமில்லை. கையில் என்ன இருக்கிறதோ அதுவே போதும். அந்தக் கலைஞர்களின் கையில் இருந்ததெல்லாம் அவர்கள் பார்த்த வேலையின் சாமான்கள்தான்!

ஒரே மியூசியத்தில் சம்பளம் வாங்கியவர்கள்

நியூயார்க்கின் 53-வது தெருவில் இருக்கிறது மாடர்ன் ஆர்ட் மியூசியம். சுருக்கமாக 'மோமா'. பிக்காசோவையும் மத்தீஸையும் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வரும் இடம். 1950-களின் கடைசியிலும் 1960-களின் தொடக்கத்திலும் வந்துபோன பார்வையாளர்கள் ஒன்றைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஓரமாக நின்ற செக்யூரிட்டிகளும், வரவேற்பில் உட்கார்ந்திருந்தவரும், நூலகத்தில் புத்தகம் அடுக்கியவரும் அடுத்த தலைமுறையின் கலை உலகத்தையே மாற்றப்போகிறவர்கள்.

ராபர்ட் ரைமன், ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞராக வேண்டும் என்று 1952-ல் நியூயார்க் வந்தவர். அடுத்த ஆண்டு மோமாவில் காவலாளி வேலை கிடைத்தது. சுமார் 7 வருடங்கள் அங்கே இருந்தார். நாள் முழுக்க ஓவியங்களுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் வேலை. நாம் ஓர் ஓவியத்தை ஒரு நிமிடம் பார்த்தாலே அதிகம். அவர் மாதக்கணக்கில் பார்த்தார். பிறகு தானே பிரஷ் வாங்கி வரைய ஆரம்பித்து, பெரும்பாலும் வெள்ளை வண்ணத்தை வைத்தே வரைந்த ஓவியராக உலகப் புகழ் பெற்றார். ஓவியக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர் இல்லை. யூனிஃபார்மோடு நின்ற அந்த வருடங்கள்தான் அவருக்குக் கல்லூரி.

அங்கே காவலாளியாக இருந்த இன்னொருவர் டேன் ஃப்ளாவின். பிறகு இவர் இயற்கை வரலாற்று மியூசியத்துக்குக் காவல் வேலைக்குப் போனார். அங்கே டியூட்டி நேரத்தில் மின்விளக்கால் கலை செய்வது பற்றிக் குறிப்பு எழுதி எழுதி யூனிஃபார்ம் பாக்கெட்டை நிரப்பியிருக்கிறார். 1963-ல் கடையில் கிடைக்கும் சாதாரண டியூப் லைட் ஒன்றைச் சுவரில் சாய்வாக மாட்டி, அதையே படைப்பாக அறிவித்தார்.

இவர்கள் வேலை பார்த்த அந்தக் காலகட்டத்தில், 1960-ல் மோமாவில் சேர்ந்தார் சால் லெவிட். இரவு நேர வரவேற்பாளர் வேலை. கருத்துருக் கலையின் பிதாமகர்களில் ஒருவராக இன்று கொண்டாடப்படுபவர் இவர்தான்.

செங்கல் அடுக்காத கட்டடக்காரர்

மோமாவுக்கு வருவதற்கு முன்பே லெவிட்டுக்கு ஒரு முக்கியமான வேலை அனுபவம் இருந்தது. 1950-களின் மத்தியில், ஐ.எம்.பெய் என்ற ஆர்க்கிடெக்ட்டின் அலுவலகத்தில் கிராஃபிக் டிசைனராக இருந்தார். பிற்காலத்தில் பாரீஸ் லூவ்ர் மியூசியத்தின் கண்ணாடிப் பிரமிடை வடிவமைத்தாரே, அதே பெய்!

ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் என்ன நடக்கும்? ஒருவர் யோசிப்பார். இன்னொருவர் பிளான் போடுவார். சைட்டில் மேஸ்திரியும் கொத்தனாரும் சித்தாளும் கட்டுவார்கள். ஆர்க்கிடெக்ட் கரண்டி பிடித்துச் சாந்து பூசுவதில்லை. ஆனாலும் கட்டடம் அவர் பெயரில்தான் இருக்கும். 'கட்டடத்துக்கு இது சரியென்றால் ஓவியத்துக்கு ஏன் சரியாகாது?' என்ற கேள்விக்குத்தான் பிற்காலத்தில் லெவிட் பதில் தேடினார்.

1967-ல் 'ஆர்ட்ஃபோரம்' பத்திரிகையில் கருத்துருக் கலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யோசனையும் திட்டமும் முன்கூட்டியே முடிவாகிவிட்டால், செய்து முடிப்பது இயந்திரத்தனமான காரியம்தான் என்பது அதன் சாரம். 1968-ல், நியூயார்க்கின் பாலா கூப்பர் கேலரி சுவரிலேயே நேரடியாகப் பென்சில் கோடுகளால் ஒரு ஓவியம் போட்டார். கண்காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். ஆனாலும் ஓவியம் அழியவில்லை. காரணம், எத்தனை கோடு, எந்தத் திசையில், எங்கே என்ற குறிப்பு இருக்கிறதே! அதை வைத்து வேறொருவர் வேறொரு சுவரில் மறுபடி வரையலாம்.

அதன் பிறகு லெவிட் சுவர் ஓவியங்களை விற்ற விதம் இன்னும் சுவாரஸ்யம். வாங்குபவருக்குச் சுவர் கிடைக்காது. ஒரு சான்றிதழும் ஒரு வரைபடமும் கிடைக்கும். வீட்டுப் பத்திரமும் புளூ பிரின்ட்டும் மாதிரி!

2007-ல் லெவிட் இறந்தார். அடுத்த வருடம், மாசச்சூசெட்ஸில் பழைய தொழிற்சாலை ஒன்றில் இயங்கும் 'மாஸ் மோக்கா' மியூசியத்தில் அவருடைய 105 சுவர் ஓவியங்கள் மூன்று மாடிகளில் திறந்துவைக்கப்பட்டன. வரைந்தது இளம் கலைஞர்களும் மாணவர்களும் அடங்கிய ஒரு குழு. வரைந்தவர் கை வேறு, யோசித்தவர் தலை வேறு. ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் கற்ற பாடம், அவர் போன பிறகும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

வேலை பறித்த வெளிச்சம்

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அடடே, வேலைக்குப் போனாலே கலை தானா வந்துடும்போல' என்று நினைத்துவிட வேண்டாம். வேலை கொடுப்பது எவ்வளவோ, பிடுங்கிக்கொள்வதும் அவ்வளவு. அதற்கும் அதே மோமாவில் ஒரு சாட்சி இருக்கிறார்.

ஹோவர்டீனா பிண்டெல், யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்த கறுப்பினப் பெண். 1967-ல் மோமாவில் வேலைக்குச் சேர்ந்தார். க்யூரேட்டர் பொறுப்பு வரை உயர்ந்து 12 வருடங்கள் அங்கே இருந்தார். முழுநேர வேலை என்பதால் பகல் மொத்தமும் ஆபீஸுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது இரவு. மனித உருவங்களை வரையப் பகல் வெளிச்சம் வேண்டும். அது கிடைக்காத இரவுகளில் அவர் வேறு வழிக்குத் திரும்பினார்.

அந்த வழியில் ஆபீஸின் சாயல் அப்படியே இருக்கிறது. ஃபைலில் துளை போடும் பஞ்சிங் மெஷினால் அட்டைகளில் ஆயிரக்கணக்கில் வட்டத் துளைகள் போட்டார். துளை போட்ட அட்டையை கேன்வாஸ் மேல் வைத்து, அதன் வழியாக வண்ணத்தைத் தெளித்தார். மெஷினிலிருந்து உதிர்ந்த குட்டிக் குட்டி வட்டத் தாள்களையும் வீணாக்கவில்லை. அவற்றில் பலவற்றுக்குக் கையால் நம்பர் எழுதினார், ஓவியங்களில் ஒட்டினார். நம் ஆபீஸ்களில் குப்பைத்தொட்டிக்குப் போகும் அதே வட்டங்கள்!

வட்டத்துக்கு அவர் வாழ்வில் இன்னொரு கதையும் உண்டு. சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு போன பயணத்தில் ஒரு கடையில் குளிர்பானம் குடித்தார். கோப்பையின் அடியில் சிவப்பு வட்டம் ஒன்று இருந்தது. கறுப்பினத்தவருக்கு மட்டும் தனியாக வைத்திருந்த பாத்திரம் என்பதற்கான அடையாளம் அது. தனிக் குவளையின் அர்த்தம் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தன்னைப் பிரித்து வைத்த அந்த வட்டத்தைத்தான் பிண்டெல் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி அழகாக்கினார்.

பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒரு சிவப்புப் பட்டை

எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு நெருக்கமானவர் பார்பரா க்ரூகர். 1960-களின் பிற்பகுதியில் 'மேட்மோசல்' என்ற பெண்கள் பத்திரிகையில் டிசைனராகச் சேர்ந்தார். இருபதுகளின் தொடக்கத்திலேயே தலைமை டிசைனர் ஆகிவிட்டார். போட்டோவை எங்கே வெட்டினால் கண் நிற்கும், தலைப்பை எங்கே வைத்தால் விரல் பக்கத்தைப் புரட்டாமல் நிற்கும்... இதுதான் தினசரி வேலை.

பிற்காலத்தில் அவர் செய்த படைப்புகளைப் பார்த்தால் சட்டென்று ஒரு விளம்பரம் என்றுதான் தோன்றும். கறுப்பு வெள்ளை போட்டோ, அதன் மேல் சிவப்புப் பட்டை, பட்டையில் தடித்த வெள்ளை எழுத்து. பேச்சு முழுக்க 'நீ', 'நான்', 'நாம்' என்று நேருக்கு நேர். ஆனால் விளம்பரம் 'வாங்கு' என்று சொல்லும் இடத்தில், க்ரூகரின் வாசகம் 'உன்னை வாங்க வைப்பது யார், உன் உடம்பை முடிவு செய்வது யார்?' என்ற ரீதியில் கேட்கும். பெண்களை எப்படிப் பொருள் வாங்க வைப்பது என்று கற்றுக்கொடுத்த அதே ஆபீஸின் உத்தியை, அந்த உத்திக்கு எதிராகவே திருப்பியவர் அவர்.

8,760 முறை அடித்த பஞ்ச்

அடுத்தவர் கதை கொஞ்சம் கனமானது. டெச்சிங் ஷியே. தைவானில் பிறந்தவர். 1974-ல் கப்பல் சிப்பந்தியாக அமெரிக்கா வந்தவர், ஃபிலடெல்ஃபியா அருகே கப்பலிலிருந்து இறங்கி நியூயார்க் போய்விட்டார். கையில் விசா இல்லை, ஆவணம் இல்லை. ரெஸ்டாரன்ட்டில் பாத்திரம் கழுவினார், தரை துடைத்தார். 1988-ல் அரசின் பொது மன்னிப்பு கிடைக்கும்வரை 14 வருடங்கள் சட்டத்தின் கண்ணில் அவர் இல்லாத ஆள்.

1980, ஏப்ரல் 11. மொட்டையடித்துக்கொண்டு, தொழிலாளிகள் போடும் சாம்பல் நிற யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, தன் ஸ்டூடியோவில் ஒரு டைம் கிளாக் வைத்தார். தொழிற்சாலை வாசலில் வருகை பதிய கார்டு செருகி அடிப்பார்களே, அந்த இயந்திரம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அதில் கார்டை அடிக்க வேண்டும். பகல், இரவு எல்லாம். ஒரு வருடத்துக்கு!

கணக்குப் போட்டால் 365 நாள், நாளுக்கு 24 மணி நேரம், மொத்தம் 8,760 முறை. ஒவ்வொரு முறையும் அடித்துவிட்டு, கேமராவில் தன்னை ஒரே ஒரு ஃபிரேம் படம் எடுத்துக்கொண்டார். தொடர்ந்து ஒரு மணி நேரம் தூங்க முடியாது. தூரமாக எங்கேயும் போக முடியாது. கார்டுகளுக்குச் சாட்சிக் கையெழுத்து உண்டு. வருடம் முடிந்தபோது அவர் தவறவிட்டது 133 முறை. தூக்கத்தில் விட்டது 94, தாமதமாக அடித்தது 29, முன்கூட்டியே அடித்தது 10. தவறியதையும் மறைக்காமல் அப்படியே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்.

அந்த ஃபிரேம்களை ஓட்டினால் ஒரு வருட வாழ்க்கை சுமார் 6 நிமிடப் படமாக ஓடி முடிந்துவிடும். மொட்டைத் தலையில் முடி வளர்ந்து தோளைத் தொடும். அவ்வளவுதான் தெரியும் மாற்றம்.

அந்த ஒரு வருடத்தில் அவர் எதையும் உற்பத்தி செய்யவில்லை. சம்பளமும் இல்லை. வேலையிலிருந்து பொருளையும் பணத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நேரம். ஒரு மனிதனின் நேரம் மட்டும். நைட் ஷிஃப்ட் முடித்து விடிந்த பிறகு தூங்கப் போகிறவர்களுக்கும், ஆப்பில் லாக்-இன் செய்து ஆர்டருக்காக ரோட்டோரம் காத்திருக்கும் டெலிவரி ஊழியர்களுக்கும் இந்தப் படைப்பைப் புரிந்துகொள்ள எந்தக் கலை விமர்சகரும் தேவையில்லை.

யூனிஃபார்ம் போட்டால் மறைந்துவிடும் மனிதர்

ஃப்ரெட் வில்சன் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த கறுப்பினக் கலைஞர். கல்லூரிக் காலத்தில் அங்கிருந்த மியூசியத்தில் காவலாளியாக இருந்தார். படித்து முடித்த பிறகும் மியூசியங்களில் வேலை பார்த்தார். அந்த வேலையில் அவர் கண்டுபிடித்த விஷயம் ஒன்று உண்டு. யூனிஃபார்ம் போட்டு நிற்கும் மனிதரை யாரும் பார்ப்பதில்லை.

1991-ல் விட்னி மியூசியத்தில் அதை நிரூபித்தும் காட்டினார். கலைஞராக வந்து வழிகாட்டிகளைச் சந்தித்து வணக்கம் சொல்லிவிட்டு, 'உள்ளே இன்ன இடத்தில் காத்திருங்கள், வருகிறேன்' என்றார். போய்க் காவலாளி யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வந்து அதே இடத்தில் நின்றார். சற்று முன் அவரிடம் பேசியவர்களே அவரைத் தாண்டிப் போய் அவரைத் தேடினார்கள்!

அதே ஆண்டில் அவர் செய்த 'கார்டட் வியூ' என்ற படைப்பில் நான்கு துணிக்கடை பொம்மைகள் வரிசையாக நிற்கும். கறுப்பு உடல், நியூயார்க்கின் நான்கு மியூசியங்களின் நிஜக் காவலாளி யூனிஃபார்ம்கள். தலை மட்டும் இல்லை.

அடுத்த வருடம் பால்டிமோரில் உள்ள மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கம் தன் மியூசியக் கிடங்கையே அவருக்குத் திறந்துவிட்டது. மியூசியத்துக்குள் வேலை பார்த்த ஆளுக்குத் தெரியாதா, எதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள், எதைக் கிடங்கில் மறைப்பார்கள் என்று? 'உலோகப் பொருட்கள்' என்ற தலைப்பில், பளபளக்கும் வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவே அடிமைகளின் காலில் மாட்டிய இரும்பு விலங்கை வைத்தார். இரண்டும் அதே மியூசியத்தின் சொத்து. அதுவரை ஒரே பெட்டியில் சேர்ந்து இருந்ததில்லை, அவ்வளவுதான்.

"இது வேலையா... கலையா?"

இதுவரை பார்த்தவர்களெல்லாம் சம்பளத்துக்குப் பார்த்த வேலையைக் கலையாக்கியவர்கள். சம்பளமே இல்லாத ஒரு வேலை இருக்கிறதே, வீட்டு வேலை... அதைக் கையில் எடுத்தவர் மியர்லி லேடர்மேன் யூக்கிலீஸ்.

நியூயார்க்கில் கலை படித்துக்கொண்டிருந்தபோது அவர் கர்ப்பமானார். 'அப்படியென்றால் இனி உன்னால் கலைஞராக முடியாது' என்ற ரீதியில் ஆசிரியர் ஒருவர் சொன்னதாக யூக்கிலீஸ் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1968-ல் குழந்தை பிறந்தது. பால் கொடுப்பது, துணி மாற்றுவது, பாத்திரம் கழுவுவது, மறுபடி பால் கொடுப்பது. ஸ்டூடியோவுக்குப் போக நேரமே இல்லை. நம் வீடுகளில் பாட்டு, கோலம், எழுத்து என்று ஏதோ ஒரு திறமையைக் கல்யாணத்துக்குப் பிறகு பரணில் ஏற்றிவிட்ட அம்மாக்களை எல்லோருக்கும் தெரியும்.

யூக்கிலீஸ் பரணில் ஏற்றவில்லை. 1969-ல் ஓர் அறிக்கை எழுதினார். உலகத்தில் புதிதாக ஒன்றை உருவாக்குபவர்களுக்குத்தான் எல்லாப் புகழும் போகிறது. உருவாக்கியதைத் தினமும் துடைத்து, கழுவி, பழுது பார்த்து வைத்திருப்பவர்களுக்கு எந்தப் பெயரும் இல்லை. அப்படியென்றால் இனி நான் செய்யும் இந்தப் பராமரிப்பு வேலையே என் கலை என்பதுதான் அதன் சாரம். மியூசியத்திலேயே குடியிருந்து, பெருக்கித் துடைத்துச் சமைத்து, அதையே கண்காட்சியாகக் காட்டுகிறேன் என்றும் அதில் சொல்லியிருந்தார்.

வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. பனிக்காலத்தில் வெளியே போகப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், கோட், ஷூ மாட்டிவிடுவதையும், திரும்பி வந்ததும் அத்தனையையும் கழற்றுவதையும் கறுப்பு வெள்ளைப் போட்டோக்களாக எடுத்து வரிசையாக ஒட்டினார். அந்தப் பலகையில் சங்கிலி போட்டு ஒரு தூசி துடைக்கும் துணியையும் தொங்கவிட்டார். படைப்பையும் யாராவது துடைத்தாக வேண்டுமே!

1973-ல் ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் மியூசியத்தில் வாசல் படிகளை மணிக்கணக்கில் மண்டியிட்டுக் கழுவினார். உள்ளே இருந்த கண்ணாடிப் பெட்டியில் இன்னும் கூர்மையான ஒரு விளையாட்டு. எகிப்திய மம்மி வைத்திருந்த அந்தப் பெட்டியைத் தினமும் துப்புரவாளர் துடைப்பார். அன்று அவர் துடைத்த பிறகு யூக்கிலீஸ் துடைத்தார். துடைத்துவிட்டு, 'இது இப்போது கலைப்படைப்பு' என்று முத்திரை வைத்தார். கலைப்படைப்பைத் துப்புரவாளர் தொடக்கூடாது என்பது மியூசிய விதி. எனவே அதற்குப் பிறகு அதைத் துடைக்க, படைப்புகளைப் பாதுகாக்கும் நிபுணர் வர வேண்டியதாயிற்று. அதே பெட்டி, அதே துணி, அதே வேலை. துடைப்பவரின் பதவி மட்டும் மாறுகிறது, மரியாதையும் மாறுகிறது.

1976-ல் வேலை இன்னும் பெரிதானது. நியூயார்க்கில் ஒரு பிரமாண்ட அலுவலகக் கட்டடத்தில் விட்னி மியூசியத்தின் கிளை இருந்தது. அந்தக் கட்டடத்தில் துப்புரவு, காவல், பராமரிப்பு பார்த்தவர்கள் சுமார் 300 பேர். அவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். தினமும் உங்கள் வேலையில் ஒரு மணி நேரத்தை மட்டும் கலை என்று நினைத்துச் செய்யுங்கள். எந்த மணி நேரம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஷிஃப்ட் ஷிஃப்டாகப் போய் அவர்களை போலராய்டு கேமராவில் படம் எடுத்து, 'இப்போது செய்வது வேலையா, கலையா?' என்று கேட்டு அதையே படத்தின் கீழ் எழுதினார். அந்தப் படங்கள் மியூசியச் சுவருக்குப் போயின.

அந்தக் காட்சியைப் பற்றி எழுதிய விமர்சகர் ஒருவர், 'அப்படியானால் நகரத் துப்புரவுத் துறையே தன் வேலையைக் கலை என்று சொல்லி நிதி கேட்கலாமே' என்று கிண்டலாக எழுதினார். நியூயார்க் நகராட்சி நிதி நெருக்கடியில் தத்தளித்த காலம் அது. யூக்கிலீஸ் அந்த விமர்சனத்தை துப்புரவுத் துறை ஆணையருக்கே அனுப்பிவைத்தார். 1977-ல் அந்தத் துறையின் கலைஞராக நியமனமானார். சம்பளம் கிடையாது!

1979 ஜூலையில் ஆரம்பித்து சுமார் 11 மாதங்கள் நகரம் முழுக்கச் சுற்றினார். துறையின் 8,500 ஊழியர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கினார். ஒவ்வொருவரிடமும் சொன்னது ஒரே வாக்கியம்: "நியூயார்க் நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி." குப்பை லாரியில் போகும்போது மக்கள் தங்களைத் திட்டிய வார்த்தைகளை அந்த ஊழியர்கள் அவரிடம் சொன்னார்கள். 1984-ல் அந்த வசவுகளைக் கண்ணாடியில் எழுதி, மற்றவர்களை அழைத்து அவர்கள் கையாலேயே கழுவி அழிக்க வைத்தார். அதற்கு முந்தைய வருடம், ஒரு குப்பை லாரி முழுவதும் கண்ணாடி பதித்து ஊர்வலம் விட்டார். லாரியைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு அதில் தங்கள் முகமே தெரியும்.

நன்றி சொன்னால் சம்பளம் கூடுமா?

நியாயமான கேள்வி. கூடாது. கைகுலுக்கியவர் பெயர் கலை வரலாற்றில் இருக்கிறது. கை கொடுத்த 8,500 பேரின் பெயர் அங்கே இல்லை. லெவிட்டின் சுவரில் கோடு போட்டவர்களைவிட லெவிட்டைத்தான் உலகத்துக்குத் தெரியும். வேலையைக் கலையாக்கிய பிறகும் யார் யோசித்தார், யார் செய்தார் என்ற படிநிலை முழுசாக மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே சாதித்தார்கள் என்று கொண்டாடும்போது, பிண்டெலுக்குக் கிடைக்காத பகல் வெளிச்சத்தையும் ஷியே ஒளிந்து வாழ்ந்த 14 வருடங்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அதே சமயம் இவர்கள் யாரும் வேலைக்கும் கலைக்கும் நடுவே சுவர் எழுப்பவில்லை. 'இந்த வேலையை விட்டால்தான் என்னால் எதையாவது செய்ய முடியும்' என்று காத்திருக்கவும் இல்லை. எட்டு மணி நேரம் எதைப் பார்த்தார்களோ, எதைத் தொட்டார்களோ, எது உறுத்தியதோ அதையே எடுத்தார்கள். ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் யோசனையைக் கொடுத்தது. பஞ்சிங் மெஷின் வட்டத்தைக் கொடுத்தது. யூனிஃபார்ம் கேள்வியைக் கொடுத்தது. வேறு இடத்தில் வேலை பார்த்திருந்தால் அவர்களுடைய கலையும் வேறாகத்தான் இருந்திருக்கும்.

1976-ல் எடுத்த அந்த போலராய்டு படங்களில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு படங்களில் ஒன்றின் கீழ் 'வேலை' என்றும் இன்னொன்றின் கீழ் 'கலை' என்றும் இருக்கும். எது எதுவென்று முடிவு செய்தது மியூசியமும் இல்லை, விமர்சகரும் இல்லை. மாப் பிடித்திருந்தவர்தான்.